செட்டு என்றால் மரம்

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான் 'செட்டு' என்றேன். "செடி இல்லப்பா, இது மரம். செடி சின்னதா இருக்கும்" என்று பொறுமையாகத் திருத்தினார். மரத்துக்கும் செடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் பேசிய தெலுங்கில் செட்டு என்றால் மரமேதான். ஆனால் என் விடை சரிதான் என்று அவருக்குச் சொல்ல வேண்டுமானால் அதையும் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். அந்தத் தமிழ் அன்று என்னிடம் இல்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் நல்லவர், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு பிள்ளைக்குச் செடி தெரியவில்லை என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்வது பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று நூறு ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது எனக்கு அந்த மரப் படம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பிள்ளையின் தலைக்குள் எத்தனை மொழி இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் பலர். இரண்டாவது மொழி உள்ளே வந்தபோது முதல் மொழிக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தவர்கள் சிலர். உண்மைக்குப் பக்கத்தில் போனவர்கள் அந்தச் சிலர்தான் என்பது என் எண்ணம்.

இந்தப் பிள்ளைகள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பேருக்குத் தாய்மொழி தமிழ். மீதிப் பன்னிரண்டு பேரில் பாதி தெலுங்கர், ஏறத்தாழ 42 லட்சம் பேர். கன்னடமும் உருதுவும் தலா 12 லட்சத்தைத் தாண்டும். மலையாளம் 7 லட்சத்துக்கு மேல். சௌராஷ்டிரம் பேசுவோர் நாடு முழுவதும் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று அவர்களில் அநேகமாக எல்லாரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு சௌராஷ்டிரத்தைக் குஜராத்தியின் கீழும், நீலகிரியின் படுக மொழியைக் கன்னடத்தின் கீழும் சேர்த்து எண்ணுகிறது. மதுரைத் தறிக்காரர் வீட்டுப் பாட்டிக்கு இன்றைய குஜராத்தி எளிதில் விளங்காது. அட்டவணையில் அவர் குஜராத்திக்காரர். இது போக, திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைக்கும் வந்திருக்கும் ஒடியா, இந்தி, வங்காளிக் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடலூர், சத்தியமங்கலம் மலைகளில் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோடர் மொழி பேசுவோர் மொத்தமே ஓரிரு ஆயிரம் பேர்தான்.

மீதி 88 பேரின் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று தோன்றும். இருக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்க வேண்டும். ஒரே மொழிக்குள் பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இரண்டு வழக்குகள் இருக்கும் நிலையை விவரித்து அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959-இல் கட்டுரை எழுதினார். அந்த இரட்டை வழக்குக்குத் தமிழைவிட நல்ல உதாரணம் குறைவு. இதில் எல்லாப் பிள்ளைக்கும் தூரம் ஒன்றல்ல. புத்தகம் புழங்கும் வீட்டுப் பிள்ளை அந்தத் தூரத்தை நான்கு எட்டில் கடந்துவிடுகிறது. சேரியிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மலையிலிருந்தும் வரும் பிள்ளை, தன் பேச்சு 'கொச்சை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. யார் வீட்டுப் பேச்சு புத்தகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. சாதியும் வகுப்பறையும் சந்திக்கும் இடம் இது. இருமொழி ஆராய்ச்சி என்ற பெயரில் வந்த நூல்களில் இதற்குக் கிடைத்த பக்கங்கள் மிகக் கொஞ்சம்.

ஆராய்ச்சியின் தொடக்கம் பயத்தில்தான் இருந்தது. 1923-இல் டி. ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டில் 1,400 பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்து, கிராமப்புறத்தில் வேல்ஷ் மொழியும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசுவோரைவிடப் பின்தங்கியிருப்பதாக எழுதினார். இரண்டு மொழிகள் மூளையில் மோதிக் குழப்புகின்றன என்று பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். அவருடைய கணக்கிலேயே நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. குழப்பத்துக்குக் காரணம் மொழி என்றால் நகரத்திலும் குழப்பியிருக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையையும் வசதியான வீட்டுப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்தி, எடைக் குறைவுக்கு மொழியின் மேல் பழி போட்டுவிட்டார்கள். அந்தப் பழி நாற்பது ஆண்டுகள் நின்றது. பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் தாமதமானால் 'வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்' என்று இன்றும் சில மருத்துவர்கள் சொல்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் கனடாவில் நடந்த ஆய்வுகள்கூட இரண்டாவது மொழியால் அவர்களுக்குக் கூடுதல் தீங்கு இல்லை என்றே காட்டின. அறிவுரை மட்டும் மாறவில்லை. அதைக் கேட்டு அம்மா தன் மொழியில் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். எனக்குத் தெரிந்து இரண்டு வீடுகளில் இது நடந்தது. பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக்கூட அந்த அம்மாக்கள் தங்களுக்குச் சரியாக வராத மொழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1962-இல் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப வசதியில் சமமாகப் பொறுக்கி எடுத்துச் சோதித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பல சோதனைகளில் முந்தினார்கள். காற்று திசை மாறியது. அதற்குப் பிறகு வந்த பல கட்டுரைகள் இருமொழியை மூளைக்கு டானிக் போலக் கொண்டாடின. டொரான்டோவில் எலன் பியாலிஸ்டாக், இருமொழியாளர்கள் கவனத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்புவதில் வல்லவர்கள் என்று காட்டினார். வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. தன் தாயின் மொழியில் பேச ஒரு பிள்ளைக்கு, அதனால் மூளை கூர்மையாகும் என்ற காரணம் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. ஒடிசாவின் கந்தமால் பகுதியில் கோண்ட் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களின் சொந்த மொழி குயி. சில ஊர்களில் குயியும் ஒடியாவும் சேர்ந்து புழங்குகின்றன. வேறு சில ஊர்களில் அதே கோண்ட் மக்கள் குயியை மறந்து ஒடியா மட்டும் பேசுகிறார்கள். இனம் ஒன்று, வறுமை ஒன்று, விழாக்களும் ஒன்று. வேறுபாடு மொழியில் மட்டும். உளவியலாளர் அஜித் மொகந்தி இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு வந்தார். பணக்காரனையும் ஏழையையும் ஒப்பிட்டுவிட்டார் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. குயியை விடாமல் ஒடியாவையும் கற்ற பிள்ளைகளே சிந்தனைச் சோதனைகளில் மேலாக நின்றார்கள். குயியை விட்டால் ஒடியாவில் சீக்கிரம் தேறலாம் என்று பெற்றோருக்கு யாராவது சொல்லியிருந்தால், அது நடக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வு சொல்லும் சேதி. மான்ட்ரியலுக்குக் கிடைத்த புகழில் கால் பங்குகூடக் கந்தமாலுக்குக் கிடைக்கவில்லை.

சின்னக் குழந்தைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. வயிற்றில் இருக்கும்போதே இரண்டு மொழிகளின் ஓசை கேட்ட குழந்தை, பிறந்தவுடன் இரண்டையும் ஆர்வமாகக் கேட்கிறது என்று கனடாவில் ஜேனட் வெர்க்கர் குழுவினர் கண்டார்கள். இரண்டு வயதில் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியும், இரண்டையும் கூட்டினால் குறைவே இல்லை என்று மயாமி நகரத்துக் குழந்தைகளிடம் பார்பரா பியர்சன் 1993-இல் கணக்கிட்டார். என் 'செட்டு' அந்தக் கூட்டலில் வரும், டீச்சரின் கணக்கில் வராது.

கலந்து பேசுவதைப் பற்றிய அச்சமும் தேவைக்கு மீறியது. 'நான் ட்ரை பண்ணினேன்' என்று சொல்லும் பிள்ளையைக் கவனியுங்கள். ஆங்கில வினையை எடுத்துக்கொள்கிறது, ஆனால் அதன் மேல் நேராகத் தமிழ் விகுதியை ஒட்டுவதில்லை. நடுவில் 'பண்ணு' என்ற தமிழ் வினையை நிறுத்தி, காலத்தையும் ஆளையும் அதில் காட்டுகிறது. 'ட்ரைந்தேன்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத இலக்கண விதி இது. மூன்று வயதில் அதைப் பிசகாமல் கடைப்பிடிக்கும் பிள்ளைக்குக் குழப்பம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளைக்குத் தமிழில் முழு வாக்கியம் கேட்கவே வாய்ப்பில்லாமல் போவது வேறு பிரச்சினை. அதைப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

உண்மையான சிக்கல் பள்ளியில் தொடங்குகிறது. அதை விளக்குவதில் டொரான்டோவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் செய்த பாகுபாட்டுக்கு இணையாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. விளையாட்டுத் திடல் மொழி வேறு, பாடப்புத்தக மொழி வேறு என்றார் அவர். திடலில் பேச இரண்டு ஆண்டுகள் போதும். கையைக் காட்டலாம், முகத்தைப் பார்க்கலாம், பந்து கண்ணெதிரில் இருக்கிறது. பாடத்தில் பந்து இல்லை. 'ஒளியைப் பயன்படுத்தித் தாவரங்கள் உணவு தயாரிக்கும் நிகழ்வு' என்று அச்சில் வரும் வாக்கியத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அந்த மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசுகிறானே, பிறகு ஏன் பரீட்சையில் எழுதவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். சோம்பல், மந்தம் என்று விடையும் கண்டுபிடித்துவிடுகிறார். கனடாவில் இப்படி மந்தம் என்று குறிக்கப்பட்ட பல நூறு பிள்ளைகளின் பதிவுகளைக் கம்மின்ஸ் புரட்டிப் பார்த்திருக்கிறார். நம் ஊரில் அப்படிப் புரட்டிப் பார்க்கப் பதிவுகள்கூட இல்லை. பாதியில் நின்றுபோன பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொன்று எனக்கு அனுபவத்தில் தெரியும். ஒரு மொழியில் கற்ற பொருள் அந்த மொழிக்குள் பூட்டிக் கிடப்பதில்லை, மற்ற மொழிக்கும் வந்து உதவும் என்பது அது. எட்டாம் வகுப்பில் குறளின் வான்சிறப்பு நடத்தினார்கள். வானத்தைப் பற்றிய அதிகாரம் ஏன் மழையையே பேசுகிறது என்று வகுப்பில் குழம்பினார்கள். எனக்குக் குழப்பமே இல்லை. வீட்டில் மழைக்கு நாங்கள் சொல்வது 'வானா'. கரிசல்காரன் வாயில் அந்தச் சொல் வராத நாள் கிடையாது. வீட்டை 'இல்லு' என்போம், செய்யுளில் இல் வந்தது. மாட்டை 'ஆவு' என்போம், செய்யுளில் ஆ வந்தது. அவ்வா, அதாவது என் பாட்டி, தினமும் 'செப்பு' என்றுதான் சொல்லச் சொல்வாள், தமிழ் ஐயா அதையே இலக்கியச் சொல் என்று விளக்கினார். ஒன்றாம் வகுப்பில் என்னை வாயடைக்க வைத்த அதே வீட்டுப் பேச்சு எட்டாம் வகுப்பில் எனக்குக் கை கொடுத்தது. நடுவில் ஏழு ஆண்டுகள். 'உன் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?' என்று அந்த ஏழு ஆண்டுகளில் யாராவது ஒருமுறை கேட்டிருந்தால் போதும், அத்தனை காலம் ஆகியிருக்காது.

பாடம் எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பதற்கு நேரான சோதனை நைஜீரியாவில் இஃபே நகரில் 1970-இல் தொடங்கியது. கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா முன்னின்று நடத்தினார். அதுவரை அங்கே முதல் மூன்று வகுப்புகள் யோருபா மொழியில், பிறகு எல்லாம் ஆங்கிலத்தில். சோதனை வகுப்பில் ஆறு ஆண்டுகளும் யோருபாவிலேயே பாடம், ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தினார். முடிவில் யோருபா வகுப்புப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆங்கிலம் வேண்டுமானால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்து என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு நேர் எதிரான முடிவு இது.

இதைச் சொல்லும்போது பெற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வராது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியது பெற்றோர் கேட்டதால்தான். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேலையும் மரியாதையும் கிடைப்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கூலிக்குப் போகும் தாய் தன் பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்பது நியாயமான ஆசை. அந்த ஆசைக்குப் பதிலாக நாம் கொடுப்பது என்ன? பத்தியை உரக்க வாசிக்கத் தெரிந்து, அதன் பொருள் தெரியாத பிள்ளையைக் கொடுக்கிறோம். ஆங்கிலம் வீட்டில் புழங்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு ஏணி. மற்றவர்களுக்கு ஆங்கிலமும் வராமல், தமிழில் எழுதவும் வராமல், பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. பாடத்தைத் தமிழில் நடத்தி, ஆங்கிலத்தைத் தேர்ந்த ஆசிரியரை வைத்து ஒரு மொழியாகக் கற்றுக்கொடுப்பது செலவு பிடிக்கும் வேலை. பெயர்ப்பலகையை மாற்றுவதற்குச் செலவு குறைவு.

இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்து பெரிதாய்ச் சாதித்தவர்களை உதாரணம் காட்டுவது இந்தப் பேச்சில் வழக்கம். ஏ. கே. ராமானுஜன் மைசூரில் தமிழ் ஐயங்கார் வீட்டில் 1929-இல் பிறந்தார். கணிதப் பேராசிரியரான அப்பாவோடு மாடியில் ஆங்கிலம், கீழே அம்மாவோடும் வீட்டுப் பெண்களோடும் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பின்னாளில் குறுந்தொகையையும் கன்னட வசனங்களையும் அவர் ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றது அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிய பழக்கத்தால்தான் என்று நினைக்கத் தோன்றும். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ். எழுதியது கன்னடம், ஞானபீடம் வாங்கியதும் அதற்கே. இதற்கு மறுபக்கத்தில் சுந்தர ராமசாமி. வீட்டில் தமிழ், திருவிதாங்கூர்ப் பள்ளியில் மலையாளம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டு வயது வாக்கில். தகழியின் செம்மீனைத் தமிழுக்குத் தந்தவர் அவர்தான். கும்பகோணத்துச் சௌராஷ்டிர வீட்டிலிருந்து எம். வி. வெங்கட்ராம் வந்தார்.

எங்கள் பக்கத்து இடைசெவலில் தெலுங்கு வீட்டில் பிறந்த கி. ராஜநாராயணன் இவர்களில் எனக்கு நெருக்கமானவர். பள்ளிப்படிப்பு அவருக்கு அதிகமில்லை. புத்தகத் தமிழ் அவரை முழுதாகப் பிடித்துவைக்காததால், ஊர்ப்பேச்சை அப்படியே எழுத்துக்குள் கொண்டுவரும் துணிச்சல் அவருக்கு இருந்தது. கரிசல் வழக்குக்குத் தனி அகராதியே தொகுத்தார். ஒரு வட்டாரத்தின் பேச்சு அகராதிக்குத் தகுதியானது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அவரால்தான் நம்பினார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இருமொழிப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை என்று சொல்வது பெரும் பிழை. இவர்களில் பலருடைய வீட்டில் நூல்கள் இருந்தன, நேரம் இருந்தது. எல்லாருக்குமே தம் வீட்டுப் பேச்சைப் பற்றிய கூச்சம் இல்லாதிருந்தது. பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து விடுதிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் மூன்று மொழிகள் காதில் விழுகின்றன. அதற்கு மாடியும் இல்லை, கீழ்த்தளமும் இல்லை. வாசலில் செருப்போடு மொழியையும் கழற்றிவிட்டு உள்ளே வா என்றுதான் அதற்குச் சொல்லப்படுகிறது. வாலஸ் லாம்பர்ட் இந்த வேறுபாட்டுக்குத்தான் கூட்டல், கழித்தல் என்று பெயர் வைத்தார். ஒரு மொழியின் மேல் இன்னொன்று சேர்ந்தால் கூட்டல், ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் கழித்தல். இரண்டும் வெளிப்பார்வைக்கு 'இரண்டாம் மொழி கற்றல்' என்றே தெரியும்.

கழித்தல் எப்படி நடக்கிறது என்று லிலி வாங் ஃபில்மோர் 1991-இல் எழுதினார். அமெரிக்காவில் குடியேறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்து எழுதிய கட்டுரை அது. மழலைப் பள்ளியிலேயே ஆங்கிலத்துக்குள் போன பிள்ளைகள் சில ஆண்டுகளில் வீட்டு மொழியை விட்டுவிட்டார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது. சாப்பிடு, தூங்கு என்பதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. எது சரி எது தவறு என்று சொல்லவும், தங்கள் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லவும் அந்தப் பெற்றோருக்கு மொழி இல்லை. மொழி போனதென்று கணக்கில் ஒரு வரி, வீட்டில் அது தாய்க்கும் மகளுக்கும் நடுவே விழுந்த சுவர்.

தமிழ் வீடுகளில் இது நடக்கும் விதத்தைச் சிங்கப்பூரில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1966 முதல் இருமொழிக் கொள்கை உண்டு. பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு, தேர்வு உண்டு, அரசு ஆதரவு உண்டு. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மை மொழி. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010-இல் நாட்டு மக்களில் 3.3 சதவீதம், 2020-இல் 2.5 சதவீதம். அதே பத்து ஆண்டுகளில் ஆங்கிலம் 32-லிருந்து 48 சதவீதமாக ஏறியது. எல்லா ஆதரவும் இருந்தும் ஏன் இறங்குகிறது? ஆங்கிலத்தின் வலிமை ஒரு காரணம். இன்னொன்று நம்மைச் சேர்ந்தது. பாடத்தில் நெடுங்காலம் எழுத்துத் தமிழ் மட்டுமே தமிழாக நடத்தப்பட்டது. வீட்டில் பாட்டியிடம் கற்ற பேச்சு அங்கே பிழை. ஆங்கிலத்தில் பேசினால் யாரும் திருத்துவதில்லை, தமிழில் வாயைத் திறந்தால் திருத்துகிறார்கள் என்றால் பிள்ளை எதைப் பேசும்? 2005-இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னது. அப்போது எதிர்ப்பு எழுந்தது, இன்றும் சிலருக்கு அது உவப்பில்லை. என் பார்வையில் அந்தக் குழு செய்தது சரி. தூய்மையைக் காக்கிறோம் என்று பிள்ளையின் வாயை மூடினால், காப்பாற்றிய தமிழைப் பேச ஆள் இருக்காது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது சேர்த்த பிரிவு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளும், தாளவாடியில் கன்னடப் பள்ளிகளும், வாணியம்பாடி, ஆம்பூரில் உருதுப் பள்ளிகளும் உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்கும் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழி மாணவர்கள் நீதிமன்றம் போய் விலக்குப் பெற வேண்டியதாயிற்று.

நான் இந்தச் சட்டத்தின் நோக்கத்தோடு முழுதாக உடன்படுகிறவன். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். தமிழ் தெரியாமல் ஆம்பூர்ப் பிள்ளை தாலுகா ஆபீசில் மனு எழுத முடியாது. தமிழ் எனக்குக் கொடுத்ததை எழுத்தில் சொல்லி மாளாது, இதோ எழுதுவதே அதில்தான். ஆனால் தமிழைக் கட்டாயத் தேர்வுத் தாளாகக் கொடுத்தோமே தவிர, உருது பேசும் பிள்ளைக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் நூலையும் அதற்குப் பயின்ற ஆசிரியரையும் தேவைக்கேற்பக் கொடுக்கவில்லை. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு எழுதிய புத்தகத்தையே தெரியாத பிள்ளைக்கும் நீட்டினோம். மரப் படத்தைக் காட்டிய அதே கதை. பெரிய மொழிக்காரர்களான இந்திக்காரர்கள் நமக்குச் செய்யக்கூடாது என்று நாம் போராடியதை, சின்ன மொழிக்காரர்களுக்கு நாம் செய்யாமலிருக்க வேண்டும். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மறக்காத மாநிலத்துக்கு இது புரியாத விஷயமில்லை.

வேறு விதமாகச் செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். ஒடிசா அரசு 2006-07-இல் குயி, சந்தாலி, சவரா, கோயா உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் முதல் வகுப்பைத் தொடங்கியது. பாடங்களை ஊரின் விதைப்பு, அறுப்பு, திருவிழா வரிசையில் அமைத்தார்கள். அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை எடுத்தார்கள். ஒடியா மெல்ல உள்ளே வரும், குயி வெளியே போகாது. ஆசிரியர் தட்டுப்பாடும் மாற்றல்களும் திட்டத்தைத் தள்ளாட வைத்தாலும் வழி சரியான வழி. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-இல் 'ரோஷ்ணி' என்ற பெயரில் வடநாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியையும் மலையாளத்தையும் கலந்து கற்பித்தது. அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்த உள்ளூர்த் தொண்டர்களே அதைச் சாத்தியமாக்கினார்கள். திருப்பூரில் ஒடியா தெரிந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பள்ளிக்கு ஒருவரைக் காலையில் ஒரு மணி நேரம் அழைத்து உட்கார வைப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம்.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். எழுதும் சித்தப்பாவும் பேசுவது தெலுங்கு, கேட்கும் அவ்வாவும் பேசுவது தெலுங்கு, ஆனால் தெலுங்கு எழுத்து எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கார்டு வந்ததும் அவ்வா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, 'சதுவுரா' என்பாள். நான் தமிழைக் கண்ணால் பார்த்து, தெலுங்கை வாயால் சொல்வேன். நான்காம் வகுப்பு முடிவதற்குள் தடங்கல் இல்லாமல் சொல்லக் கற்றுவிட்டேன். முதல் வரியில் மட்டும் எப்போதும் நிற்பேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதியிருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் சொல்லே கிடையாது. அவ்வா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டிருக்கிறானா என்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்.